டீசல் பம்புக்கு மசகு அடிட்டிவ்: ஊற்றும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் கரும்பு டிராக்டரோ பழைய பக்கி (பிக்கப்) வண்டியோ ஜெனரேட்டரோ வைத்திருக்கிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். மேலே ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். குளிரால் மாறுகிற இடத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் அடிட்டிவ் பாட்டிலைத்தான் வாங்குகிறார்கள், அதாவது டீசலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப் தேயாமல் இருக்க டீசலில் கலக்கும் மசகுத் திரவத்தை. இங்கே அது ஆறாவது படி. தண்ணீரும் அழுக்கும் இருக்கிற டேங்கில் எந்த உயர்ந்த அடிட்டிவ் ஊற்றினாலும் பம்ப் தேய்வது நிற்காது. சில பாட்டில்கள் நிலைமையை மோசமாக்கியும் விடும். அதனால் வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. உங்கள் பம்ப் எந்த வகை என்று பாருங்கள்

பம்புக்குள் உரசுகிற பாகங்களுக்கு மசகு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. பழைய லாரிகளில் உள்ள இன்லைன் பம்பில் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சராக வரிசையாக நிற்கும். அடியில் இருக்கும் கேம் ஷாஃப்ட் ஆயிலில் ஓடும். பிளஞ்சருக்கும் அது ஏறி இறங்கும் பேரலுக்கும் மட்டும்தான் டீசல் மசகு. இந்த வகை கொஞ்சம் மோசமான டீசலையும் தாங்கிக்கொள்ளும். அடிட்டிவ் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

ரோட்டரி பம்ப் அப்படி இல்லை. மாசி ஃபெர்குசன் 135, 240 டிராக்டர்களில் பெர்கின்ஸ் எஞ்சினோடு வரும் சிஏவி டிபிஏ பம்ப், பழைய ஹைலக்ஸ், இசுசு பக்கிகளில் இருக்கும் விஇ வகை பம்ப் எல்லாம் இந்தக் கூட்டம். அடக்கமான உருவம். பின்னால் ஒரே தலையிலிருந்து எல்லா நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) பைப்பும் கிளம்பும். உள்ளே இருக்கிற அத்தனையும் டீசலில் மூழ்கித்தான் சுழல்கிறது, வேறு ஆயில் ஒரு சொட்டும் கிடையாது. டீசலில் வழவழப்பு குறைந்தால் முதலில் அடிபடுவது இதுதான்.

புது வண்டிகளில் வரும் காமன் ரயில் பம்ப், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் (அதுதான் ரயில்) டீசலை அழுத்தி வைக்கும். அதுவும் டீசலை நம்பித்தான் ஓடுகிறது. அழுத்தம் பல மடங்கு அதிகம். அது தேய்ந்தால் உலோகத் தூள் நேராக ரயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும், பம்போடு செலவு நிற்காது. அதே சமயம் கண்ட திரவத்தையும் ஊற்றிப் பார்க்க இது இடமில்லை. வண்டியோடு வந்த கையேட்டில் அடிட்டிவ் பற்றி என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு மேலே போங்கள். வாரண்டி காலமாக இருந்தால் இரண்டு தடவை படியுங்கள்.

2. பம்ப் ஏற்கெனவே போய்விட்டதா?

அடிட்டிவ் தேய்மானத்தைக் குறைக்கும், தேய்ந்ததைத் திரும்ப வளர்க்காது. அதனால் காசு செலவழிக்கும் முன் இந்தச் சோதனை.

காலையில் பட்டென்று ஸ்டார்ட் ஆகிறது. வெயிலில் வேலை செய்து நிறுத்தினால், சூட்டோடு மறுபடி எடுக்க மாட்டேன் என்கிறது. ரோட்டரி பம்பில் இது நன்றாகத் தெரிந்த அறிகுறி. டீசல் சூடானதும் நீர்த்துப்போய், தேய்ந்த ஹெட்டுக்கும் (பம்பின் தலை) அதனுள் சுழலும் ரோட்டருக்கும் நடுவில் கசிந்துவிடுகிறது. நாசிலைத் திறக்கிற அழுத்தம் வராது. எஞ்சின் நின்ற நிலையில் பம்பின் தலைமேல் ஈரத்துணியைச் சுற்றி, ஆறியபின் ஸ்டார்ட் செய்து பாருங்கள். எடுத்துவிட்டால் பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சூடான பம்பில் பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தலை சுருங்கி ரோட்டரைக் கவ்விக்கொள்ளும்.

இன்னொரு குழப்பம், ஒழுகல். பல வருடம் கந்தகம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) உள்ள டீசலில் ஓடிய பம்ப், 50 அல்லது 10 பிபிஎம்முக்கு மாறியதும் ஓரங்களில் ஈரம் காட்டும். பழைய டீசலில் இருந்த அரோமாட்டிக் சேர்மங்களை உறிஞ்சி உப்பியிருந்த நைட்ரைல் ரப்பர் வளையங்கள் (ஓ ரிங்) புது டீசலில் சுருங்குவதால் வருவது அது. மசகுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வைட்டான் ரப்பரில் சீல் செட் மாற்றுங்கள், அடிட்டிவ் இதை அடைக்காது.

3. டீசல் எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுங்கள்

கந்தகம்தான் மசகு என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. கந்தகத்தை எடுக்க ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரிக்கும்போது, உலோகத்தில் ஒட்டிப் படலமாக நிற்கக்கூடிய ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. வழவழப்பைக் கொடுத்தது பெரும்பாலும் அவைதான். செக்குண்டா ஆலையில் நிலக்கரியிலிருந்து எடுக்கும் டீசலுக்கும் இதே குறை உண்டு, பிறவியிலேயே அவ்வளவு சுத்தம்.

அதனால் விற்பனைக்கு வரும் முன்பே மசகு அடிட்டிவ் கலந்துவிடுகிறார்கள். இந்த நாட்டின் டீசல் தரமான சான்ஸ் 342 இதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. எச்எஃப்ஆர்ஆர் சோதனையில், 60 டிகிரி சூட்டில் டீசலில் மூழ்கிய ஒரு தகட்டின்மேல் 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 200 கிராம் எடையோடு 75 நிமிடம் உரசவிடுவார்கள். குண்டில் விழும் தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. பாட்டில் லேபிளில் 460 என்ற எண்ணைப் பார்த்தால் இதைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் நல்ல பெட்ரோல் பங்கில் வாங்குகிற டீசலுக்கு எதற்கு அடிட்டிவ்? என் கருத்தில், புது ஹைலக்ஸ் வைத்துக்கொண்டு கூட்டம் உள்ள பங்கில் நிரப்புகிறவருக்குத் தேவையே இல்லை. ரோட்டரி பம்ப் வைத்திருப்பவர், டிரம்மில் வாங்கிச் சேமிப்பவர், மூலம் தெரியாத டீசலை ஒரு தடவையாவது ஊற்ற வேண்டி வருகிறவர் சேர்க்கலாம்.

மூலம் தெரியாத டீசல் என்றால் இங்கே பாரஃபின் (மண்ணெண்ணெய்) கலப்படம் என்று அர்த்தம். விளக்கெரிக்கும் பாரஃபினுக்கு எரிபொருள் வரியும் கிடையாது, மதிப்புக் கூட்டு வரியும் (வாட்) கிடையாது. அதில்தான் கலப்படக்காரருக்கு லாபம். பெட்ரோலுக்குச் சில்லறை விலையை அரசு நிர்ணயிக்கிறது, டீசலுக்கு இல்லை. ஆகவே பங்குக்குப் பங்கு கொஞ்சம் வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஆனால் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து ஊர் விலையைவிட எக்கச்சக்கமாகக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாரஃபின் வழவழப்பைக் குறைப்பதோடு டீசலை நீர்த்துப்போகவும் வைக்கிறது. அடிட்டிவ் முதல் குறையை ஓரளவு ஈடு செய்யும், இரண்டாவதை முடியாது.

அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரஃபினின் அடர்த்தி 0.80ஐ ஒட்டி இருக்கும், சாதாரண டீசல் 0.82 முதல் 0.85 வரை. ஆனால் நிலக்கரி டீசல் இயல்பிலேயே லேசானது. எண் குறைந்தால் சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. பாரஃபினில் அடையாளத்துக்கென்றே ஒரு ரசாயனம் கலந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டும். உங்களால் செய்ய முடிந்தது: மொத்தமாக வாங்கும்போது பில்லை வையுங்கள், அரை லிட்டர் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் தேதி எழுதி இருட்டில் வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

4. கையில் இருக்க வேண்டியவை

புது பில்டர், அதோடு வரும் ரப்பர் வளையங்கள், புது செம்பு வாஷர்கள். அகல வாய்க் கண்ணாடி ஜாடி. ஊசியில்லாத 50 அல்லது 100 மில்லி சிரிஞ்ச். நூல் உதிராத துணி, கையுறை. டிரம் அல்லது பெரிய டேங்க் இருந்தால் அளவுகோலில் தடவிப் பார்க்கிற, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை.

சிரிஞ்ச் எதற்கு, மூடியில் அளந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஏன் என்பது ஏழாவது படியில் வரும்.

5. தண்ணீரை இறக்கு, பில்டரை மாற்று, ஏர் எடு

அவசரப்பட்டு இதைத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலான பாட்டில்களில் மசகோடு சுத்தம் செய்யும் ரசாயனமும் இருக்கிறது. அது டேங்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்திருக்கும் கசட்டைக் கிளப்பிப் பழைய பில்டரில் கொண்டுபோய் அடைக்கும். பில்டர் அடைத்தால் பம்புக்கு டீசல் குறையும். மசகே டீசல்தான் என்பதால், அடிட்டிவ் ஊற்றிய வாரத்திலேயே பம்ப் காய்ந்து ஓடும். "ஊத்தினதுக்கு அப்புறம்தான் அண்ணா கெட்டுப்போச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

முதலில் வண்டியை ஒரு இரவு அசையாமல் நிறுத்துங்கள், தண்ணீர் அடியில் இறங்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டேங்கின் அடிப்பக்கத் திருகிலிருந்தும், படிவுக் கிண்ணத்திலிருந்தும் ஜாடியில் பிடியுங்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். பாதி காலியான டேங்கின் சுவரில் இரவில் வியர்த்து வடியும் தண்ணீர் இங்கே சாதாரணம். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை விடுங்கள்.

அப்புறம் பில்டர். சிஏவி 296 வகை பில்டருக்கு மேலும் கீழும் வளையங்கள் உண்டு. பழையது ஒன்று தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் புதியதை வைத்தால் இரண்டு வளையம் சேர்ந்து ஏர் இழுக்கும். விரலால் தடவிப் பாருங்கள். காமன் ரயில் வண்டியில் புது பில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி மாட்டாதீர்கள், வடிகட்டாத அழுக்கு நேரே உள்ளே போகும். கைப்பம்பாலேயே நிரப்புங்கள்.

டிபிஏ பம்பில் ஏர் எடுக்கும் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்) வரிசை: பில்டர் தலையில் உள்ள திருகு, பிறகு பம்பின் உடம்பில் பக்கவாட்டில் உள்ள திருகு, பிறகு மேலே கவர்னர் (எஞ்சின் வேகக் கட்டுப்பாடு) மூடியில் உள்ளது, கடைசியில் நாசில் பக்க நட்டுகள். டீசல் போகும் திசையிலேயே போனால் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறோம், மாற்றிச் செய்தால் பின்னால் இருக்கும் காற்று மறுபடி வரும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் கை நெம்புகோல் தளர்ந்து, அடிக்க அடிக்க ஒன்றும் வராவிட்டால் பம்ப் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேம் உச்சியில் நிற்கிறது, அவ்வளவுதான். எஞ்சினை ஒரு சுற்று நகர்த்தி மறுபடி அடியுங்கள்.

ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றியே ஏர் எடுத்துவிடலாம் என்பது சோம்பேறி வழி. அந்த நேரம் முழுக்க ரோட்டர் காய்ந்து சுற்றுகிறது. டீசல் தீரும்வரை ஓட்டுவதும் இதே கெடுதல்தான்.

6. எந்தப் பாட்டில்?

மசகு என்று லேபிளில் வெளிப்படையாக இருக்க வேண்டும். சீட்டேன் (டீசல் எளிதில் பற்றிக்கொள்ளும் தன்மை) உயரும், புகை குறையும், இன்ஜெக்டர் சுத்தமாகும் என்று மட்டும் இருந்தால் அது வேறு வேலைக்கானது. கலவை விகிதம் எழுதியிருக்க வேண்டும். சாம்பல் இல்லாதது என்று இருப்பது நல்லது. புகைப்போக்கியில் டிபிஎஃப் (கரித்துகள் வடிகட்டி) உள்ள வண்டிக்கு அது கட்டாயம். சாம்பல் எரிந்து போகாது, உள்ளேயே சேர்ந்து அடைக்கும். ஆல்கஹால் கலந்ததைத் தவிருங்கள்.

கடைசியாக, தண்ணீரை அது என்ன செய்கிறது என்பது. சில அடிட்டிவ் தண்ணீரைப் பிரித்துக் கீழே இறக்கும், சில டீசலோடு கலந்து பாலாக்கும். பாலாக்கினால் பில்டரின் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்துக்கு வேலையில்லை, ஈரம் நேராகப் பம்புக்குப் போகும். வீட்டிலேயே பார்க்கலாம். ஜாடியில் அரை லிட்டர் டீசல், அதற்குரிய அளவு அடிட்டிவ், இரண்டு தேக்கரண்டி தண்ணீர். நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். தண்ணீர் தெளிவாக அடியில் நின்றால் சரி. இடையில் வெள்ளையாகக் கலங்கியே இருந்தால் ரோட்டரி பம்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பாட்டிலுக்குப் பதிலாக ஊற்றுகிற சமாசாரங்களையும் சொல்லிவிடுகிறேன். பழைய எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம், அதில் கரியும் உலோகத் தூளும் இருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலான ஏடிஎஃப் இதற்காகச் செய்ததில்லை. சமையல் சூரியகாந்தி எண்ணெய் வழவழப்பைக் கொடுக்கும்தான், ஆனால் நாளாக நாளாகப் பிசினாகி நாசிலில் ஒட்டும். டூ ஸ்ட்ரோக் ஆயிலை 200க்கு 1 என்று ஊற்றுகிற வழக்கம் இங்கே ரொம்பப் பேரிடம் இருக்கிறது. பழைய மெக்கானிக்கல் பம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஊற்றுகிற அளவுக்குப் பலனும் இல்லை. விடமாட்டேன் என்றால் சாம்பல் இல்லாத படகு ரகமான டிசி-டபிள்யூ3 எடுங்கள். காமன் ரயிலில் வேண்டாம்.

ஒன்று மட்டும் உண்மையிலேயே நல்ல மாற்று: பயோடீசல். 2 சதவீதம், அதாவது 50 லிட்டருக்கு 1 லிட்டர் சேர்த்தாலே வழவழப்பு கணிசமாக ஏறும். சான்ஸ் 1935 தரத்துக்குச் செய்ததாக இருக்க வேண்டும். கொல்லைப்புறத்தில் பொரித்த எண்ணெயில் காய்ச்சி, சரியாகக் கழுவாதது என்றால் அதில் கிளிசரினும் சோடா உப்பும் தங்கியிருக்கும். அது பில்டரைச் சோப்பால் அடைப்பதற்குச் சமம்.

7. அளவு

விகிதம் 1000க்கு 1 என்றால் லிட்டருக்கு 1 மில்லி. 65 லிட்டர் நிரப்பினால் 65 மில்லி. 500க்கு 1 என்றால் 130 மில்லி. 210 லிட்டர் டிரம்முக்கு 1000க்கு 1 என்ற கணக்கில் 210 மில்லி. டேங்கின் கொள்ளளவைப் பார்த்து அளக்காதீர்கள், இன்று ஊற்றுகிற டீசலுக்கு மட்டும் அளவு. டேங்கில் மிச்சமிருப்பது ஏற்கெனவே கலந்தது.

"ஒரு மூடி கூட ஊத்தினா நல்லதுதானே அண்ணா?" இந்தக் கேள்வி வராத நாளில்லை. மசகு அடிட்டிவ் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஒட்டுகிறது. மேற்பரப்பு நிறைந்த பிறகு மிச்சம் சும்மா டீசலில் மிதக்கும், தழும்பு மேலும் சிறிதாகாது. அது மட்டுமில்லை. பல அடிட்டிவ்கள் கொழுப்பமில வகை. டீசலில் சோடியமோ கால்சியமோ கொஞ்சம் இருந்தாலும் மிஞ்சிய அமிலம் அதோடு சேர்ந்து சோப்பாகி, பில்டரிலும் இன்ஜெக்டர் ஊசியிலும் படியும். அதற்குத்தான் சிரிஞ்ச்.

8. ஊற்றும் முறை

டீசல் போடுவதற்கு முன் அடிட்டிவ். மேலே விழும் டீசல் கலக்கிவிடும். நிரம்பிய டேங்கின் மேல் ஊற்றினால் சில சரக்கு அப்படியே அடியில் இறங்கி, டேங்க் குழாய் வழியாகக் கெட்டியாகப் போகும்.

பில்டர் கிண்ணத்தில் நேராக ஊற்றாதீர்கள். பம்புக்குச் சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்ற எண்ணம் புரிகிறது, ஆனால் மேலே சொன்ன சோப்புத் தொல்லை அங்கேயே ஆரம்பிக்கும்.

குளிர்காலத்தில் பாட்டிலை வீட்டுக்குள் வைத்து, கெட்டித்தன்மை போனபின் ஊற்றுங்கள். வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித் பக்கம் போகிறவர்களுக்கு டீசலே மெழுகு கட்டும். அதற்குப் பாரஃபின் கலக்கும் பழக்கம் பம்புக்கு எதிரி. குளிருக்கென்று தனி அடிட்டிவ் உண்டு, மெழுகு கட்டுவதற்கு முன்பே சேர்த்தால்தான் அது வேலை செய்யும். மசகு பாட்டில் இதைச் செய்யாது.

9. முதல் சில டேங்குகள்

எஞ்சின் மென்மையாக ஓடுகிறது, சத்தம் குறைந்தது என்று உடனே மகிழ வேண்டாம். சத்தம் குறைவது பெரும்பாலும் சீட்டேன் உயர்வால். பம்பின் தேய்மானம் குறைந்தால் காதுக்குத் தெரியாது.

பார்க்க வேண்டியது பில்டர். 50 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கிண்ணத்தைத் திறந்து ஜாடியில் பிடியுங்கள். கறுப்புக் கசடு வந்தால் டேங்க் சுத்தமாகிக்கொண்டிருக்கிறது, பில்டரை இன்னொரு தடவை சீக்கிரம் மாற்றுங்கள். காமன் ரயில் வண்டியின் பில்டரில் வெள்ளித் தூள்போல மினுக்கினால் அதோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். ஒரு நோட்டில் மணி, லிட்டர், மில்லி மூன்றையும் எழுதி வையுங்கள். பம்ப் கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

10. டிரம்மும் ஜெனரேட்டரும்

டிரம்மைக் கிடத்தி வையுங்கள், இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் டீசலுக்குள் இருக்கட்டும். நிற்க வைத்தால் மேல் விளிம்பில் மழைநீர் தேங்கி, மூடி வழியாக உள்ளே இழுக்கும். டீசல் எடுக்கும் குழாய் அடியைத் தொடக்கூடாது.

லோட் ஷெடிங்குக்காக வாங்கிய ஜெனரேட்டரில் டீசல் மாதக்கணக்கில் நிற்கிறது. அங்கே பிரச்சினை தண்ணீரும் அதில் வளரும் பூஞ்சையும். மசகு அடிட்டிவ் பூஞ்சையைக் கொல்லாது, டீசல் பழசாவதையும் தடுக்காது. ஆறு மாதத்துக்கு மேல் நின்றதைப் பக்கிக்கு மாற்றிச் செலவழித்து, புதிதாக நிரப்புங்கள்.

11. அறுவடை முடிந்து டிராக்டரை நிறுத்தும்போது

டிசம்பரில் ஆலை நின்றதும் டிராக்டரைப் பாதி டேங்கோடு கொட்டகையில் விட்டுவிடுகிறார்கள். ஏப்ரலில் எடுக்கப்போனால் ரோட்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும். நிறுத்துவதற்கு முன் தண்ணீரை இறக்கி, அளவான அடிட்டிவோடு டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள். பிறகு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அடிட்டிவ் கலந்த டீசல் பம்புக்குள் போய்ப் பழையதை வெளியே தள்ளுவதற்கு அந்த நேரம் வேண்டும், டேங்கில் மட்டும் இருந்து பிரயோஜனமில்லை. டேங்க் குழாயை மூடிவிடுங்கள்.

ஏப்ரலில் ஸ்டார்ட்டரைத் தொடும் முன் படிவுக் கிண்ணத்தை இறக்கிப் பாருங்கள், குழாயைத் திறங்கள், ஐந்தாவது படியில் சொன்ன வரிசையில் ஏர் எடுங்கள். ஸ்டாப் நெம்புகோலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டிருந்தால் பலவந்தமாக எஞ்சினைச் சுழற்றாதீர்கள், பம்பைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். உள்ளே துரு இருந்து சுழற்றினால் பம்பின் டிரைவ் ஷாஃப்ட் முறியும், அப்புறம் சீல் செட்டோடு முடிய வேண்டிய வேலை புது ஹெட், ரோட்டர் என்று போகும்.